மேட்டில் நின்ற குதிரை

இன்றைக்கும் மேட்டின் மேல் அந்தக் குதிரை நின்றது.

குதிரையின் மேல் பண்ணைக்காரன் ஏமஸ் கில்ராய். கண்ணில் பைனாகுலர். பார்வை முழுக்க ஆற்றங்கரையில் இருந்த டெல்லாவின் மேல்.

"அப்பா எதுக்கு அங்கயே நிக்கறாரு?" மட்டக்குதிரை மேல் உட்கார்ந்திருந்த ஐந்து வயது வின்னி கேட்டாள்.

"மாடு பாக்கறாரு, கண்ணு."

"இந்தப் பக்கம் மாடே இல்லியே."

டெல்லா அவள் கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

மொன்டானாவின் அந்த மாட்டுப் பண்ணைக்கு, வின்னியைப் பார்த்துக்கொள்ள அவள் வந்து மூன்று மாதம். வந்த அன்றே தலை நிமிர்ந்து சொல்லிவிட்டாள்.

"மத்தவங்க சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். என் பையன் டாபி போன வருஷம் குளத்துல மூழ்கிட்டான். நான் வீட்டுக்குள்ள ரொட்டி சுட்டுக்கிட்டு இருந்தேன். இது தெரிஞ்சும் வேலை குடுக்கறதா இருந்தா குடுங்க."

ஏமஸ் மனைவியை ஆற்றுக்குப் பறிகொடுத்தவன். மாடிப்படியைக் கை காட்டினான்.

"உங்க ரூம் மாடியில. சாமானைக் கொண்டு போய் வைங்க."

அந்தப் பதிலுக்காகவே அவன் மேல் மரியாதை வந்தது. போகப் போக மரியாதையைத் தாண்டியும் ஏதோ வந்தது. சாப்பாட்டு மேஜையில் அவன் நாற்காலி காலியாக இருந்தால் அவளுக்குச் சோளரொட்டி தொண்டையில் இறங்கவில்லை.

அதனால்தான், தன்னை நம்பாமல் பார்ப்பது போலிருந்த அந்தப் பைனாகுலர் அப்படி வலித்தது.

ஊர்ப்பேச்சு வேறு. "அவன் பொண்டாட்டி லிடியா எப்படி ஆத்தோட போனான்னு இன்னிவரைக்கும் அவன் வாயைத் திறக்கல. பாத்து இருந்துக்கோ" என்று மளிகைக் கடைக்காரி காதைக் கடித்தாள்.

ஏமஸின் அக்கா வெர்னா நேராகவே சொன்னாள். "தம்பி பின்னாலயே வர்றான்னு வருத்தப்படாதே. பெத்ததையே பாத்துக்கத் தெரியாதவள நம்பி..." மிச்சத்தை விழுங்கிக்கொண்டாள். விழுங்கிய மிச்சமும் டெல்லாவுக்குக் கேட்டது.

இன்றைக்கு மலையில் பனி உருகி ஆறு கரை முட்ட ஓடிக்கொண்டிருந்தது. மட்டக்குதிரையைத் திருப்பலாம் என்று டெல்லா கடிவாளத்தைப் பிடிக்கப் போனாள். அதற்குள் அதன் காலடியில் கரை சரிந்தது. குதிரை எகிறித் தப்பிவிட்டது.

வின்னி தண்ணீரில்.

டெல்லா போட்டிருந்த பூட்ஸோடு குதித்தாள். பனித்தண்ணீர் மூச்சை அடைத்தது. ஒரு தடவை கோட்டு கைக்கு வந்து நழுவியது. இரண்டாவது தடவை விடவில்லை. இன்னொரு கை கரையோர மரத்தின் வேர் ஒன்றைப் பற்றிக்கொண்டது.

"என் கழுத்தைக் கட்டிக்கோ. எவ்வளவு வேணா இறுக்கு. நான் விடமாட்டேன்."

மேட்டிலிருந்து குளம்புச் சத்தம் இறங்கி வந்தது. சுருக்குக் கயிறு ஒன்று அவள் தோளில் வந்து விழுந்தது.

வீட்டில், அடுப்புப் பக்கத்தில் கம்பளிக்குள் வின்னி தூங்கிப்போனாள். உடம்பு தேறியிருந்தது. தகவல் கேட்டு வெர்னா காரை விரட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

"நான் அப்பவே சொன்னேன், கேட்டியாடா? நீ காவல் காத்தும் புள்ளை ஆத்துல விழுந்திருக்கு. இவளை முதல்ல அனுப்பு."

ஈரத் தலையோடு டெல்லா எழுந்தாள். குரல் நடுங்கவில்லை.

"அனுப்ப வேண்டாம். நானே போறேன். விழுந்த குழந்தையை நான்தான் தூக்கினேன். அந்தப் பெருமை எனக்குப் போதும். நம்பிக்கை இல்லாம முதுகுக்குப் பின்னால காவல் போடற வீட்டுல எனக்கு வேலை வேண்டாம், மிஸ்டர் கில்ராய்."

ஏமஸ் தொப்பியைக் கழற்றினான்.

"லிடியாவுக்கு ரெண்டாவது குழந்தை தங்கல" என்றான். "அப்புறம் தினமும் ஆத்தங்கரைக்குப் போயி தண்ணியையே பாத்துக்கிட்டு நிப்பா. காத்து வாங்கறான்னு நெனச்சேன். ஒரு நாள் திரும்பி வரல. நான் அப்போ கன்னுகளுக்குப் பண்ணை அடையாளச் சூடு போட்டுக்கிட்டிருந்தேன்."

அக்காவிடம்கூட அவன் அதுவரை சொன்னதில்லை. வெர்னா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

"நீங்க வந்த அன்னிக்கு, வின்னி தூங்கினதும் தனியா ஆத்தங்கரைக்குப் போனீங்க, டெல்லா. லிடியா நின்ன அதே மாதிரி நின்னீங்க."

டெல்லாவால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்றைக்கு அங்கே நின்று என்ன நினைத்தாள் என்பது தனக்கு மட்டும்தான் தெரியும் என்று இருந்தாள். வின்னி வீட்டில் காய்ச்சலில் கிடந்தபோதும் அவள் தனியாக ஆற்றுப் பக்கம் போனதுண்டு. அன்றைக்கும் மேட்டில் குதிரை நின்றதே. அது ஏன் என்று அப்போது அவளுக்குத் தோன்றவே இல்லை.

"என்னடா சொல்றே?" வெர்னாவின் குரல் இறங்கியிருந்தது. "அப்போ நீ புள்ளைக்காகக் காவல் நிக்கலையா?"

"பெத்த அப்பன் நான். வெள்ளத்துல குதிக்கணும்னா ஒரு நொடி தயங்கியிருப்பேனோ என்னவோ. இவங்க தயங்கல. இந்தச் சீமையில இப்படி ஒருத்தர் என் வீட்டுல இருக்காங்கன்னு நான் எங்க வேணா மார் தட்டிச் சொல்லுவேன்."

அவன் டெல்லாவைப் பார்த்துக்கொண்டே அக்காவுக்குப் பதில் சொன்னான்.

"குழந்தையைப் பாத்துக்க ஆள் இருந்தது, அக்கா. அந்த ஆளைப் பாத்துக்கத்தான் யாரும் இல்ல."