செத்த மூலதனம்

பெண் பார்க்க வருகிறோம் என்றுதான் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வேனை விட்டு இறங்கியவர்களின் கண் பெண்ணைத் தேடவில்லை, வீட்டைத் தேடியது.

மட்டக்களப்பில் அது வழமைதான். கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்குக் குடிவருவான். அந்த வீட்டைப் பெண்ணைப் பெற்றவர் கட்டிக் கொடுக்க வேண்டும்.

கொக்கட்டிச்சோலையில் பெண்ணின் தகப்பன் கோணாமலையின் வளவில் இருந்ததோ ஒரு தகரக் கொட்டிலும் ஒரு வெறும் அத்திவாரமும். அத்திவாரத்தின் மேல் புத்தம் புது உழவு மெசின் ஒன்று ராசா மாதிரி நின்றது.

மாப்பிள்ளையின் தாய் பத்தினிப்பிள்ளைக்கு முகம் கறுத்துப் போனது.

“அண்ணன், தனுஷாவுக்கு வீடெங்க?”

“இனித்தான் கட்டணும், தங்கச்சி. கல்லடியில கட்டின வீட்டச் சுனாமி கொண்டு போயிற்று. பிறகு சண்டை. அது முடிஞ்ச பிறகுதான் வயல் வட்டைக்குள்ளயே கால் வைச்சம்.”

“மெசின் வாங்க மட்டும் காசு இருந்திரிக்கே!”

கூட வந்த பெரியப்பாவும் சேர்ந்துகொண்டார். “பெத்த புள்ளைக்கு ஒரு கூரை போடாம மெசின் வாங்கின தகப்பன இண்டைக்குத்தான் பாக்கிறன். ஊரே சிரிக்குது.”

ஊர் மெய்யாகவே சிரித்துக்கொண்டுதான் இருந்தது.

மாப்பிள்ளை உதயரூபன் பொருளாதாரத்தில் முதுமாணிப் பட்டம் படிக்கிறார். சும்மா பொருளாதாரம் அல்ல, வளர்ச்சிக் கோட்பாடு. ஏழை நாடு பணக்கார நாட்டை எப்படி எட்டிப் பிடிக்கும் என்று ஒரு பலகை நிறையச் சமன்பாடு எழுதுவார். இப்போது தட்டில் இருந்த கொழுக்கட்டையை எட்டிப் பிடிப்பதில் மும்முரமாக இருந்தார்.

கோணாமலை தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“வீட்டுக்கெண்டு சேர்த்த காசுதான். அத்திவாரமும் போட்டன். அதுக்குள்ள எங்கட சங்கத்தில ஒரு கூட்டம் வைச்சாங்க. படிச்ச தம்பி ஒருவர் வந்து பேசினார். ‘சீதன வீடு செத்த மூலதனம். சீமெந்து ஒரு மணி நெல்லும் விளைக்காது. சேமிப்ப உற்பத்தியில போடுங்க, அப்பதான் வளர்ச்சி’ எண்டார். நானும் மகளும் கை நோகத் தட்டினம். பிறகுதான் மெசின எடுத்தம்.”

பத்தினிப்பிள்ளைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“எந்த மூதேவி சொன்னது? குமர்ப்பிள்ளைகள் இரிக்கிற ஊரில வந்து இப்படிச் சொன்னவன்ட வாய் அழுகிப் போகும்!”

“ஐயோ, சபிக்காதீங்க தங்கச்சி!” கோணாமலை பதறிவிட்டார்.

“ஏன், உங்கட சொந்தக்காரனா?”

“இன்னும் இல்ல. சொந்தமாக வேணுமெண்டுதான் உங்கட வீட்டுக்கு மாப்பிள்ளை கேட்டு வந்தன். வீடு கேக்காத மாப்பிள்ளை இந்த மாவட்டத்திலயே இவர் ஒராள்தான் எண்டு நினைச்சன்.”

எல்லாரும் உதயரூபனைப் பார்த்தார்கள். கொழுக்கட்டை வாய்க்குப் போகும் வழியில் நின்றுவிட்டது.

பெரியப்பா அவசரமாக வேனைப் பார்த்தார். பத்தினிப்பிள்ளை, சபித்த வாயை முந்தானையால் பொத்திக்கொண்டார்.

“தம்பி, நீங்களாவது சொல்லுங்க” என்றார் கோணாமலை.

உதயரூபன் கொழுக்கட்டையைத் தட்டில் வைத்தார்.

“அது வந்து மாமா... அது நாட்டுக்குச் சொன்னது. நமக்கெண்டு ஒரு கல்வீடு வேணும்தானே?”

கோணாமலையின் கண் கலங்கிவிட்டது. கல்லடி வீட்டைக் கடல் கொண்டு போனபோதுகூட அவர் அழுதவரில்லை.

தேத்தண்ணித் தட்டோடு வந்த தனுஷா, அதை மாப்பிள்ளையிடம் நீட்டாமல் அப்படியே திரும்பினாள்.

“அப்பா, அவரை நாட்டுக்கே தாலி கட்டச் சொல்லுங்க. நமக்கு நாளைக்கு உழவு கிடக்கு.”