வண்டிக்கு அடியில் ஐந்து நிமிஷம்

“அந்தாளுக்கு வண்டி அடியில இன்னா, புதையலா கீது?”

பின் சீட்டில் யாரோ முணுமுணுத்தது ஆரோக்கியமேரியின் காதில் விழுந்தது. சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

கம்பெனி பஸ் வழக்கம்போல் கவரைப்பேட்டையைத் தாண்டி, செங்கல் சூளை ஸ்டாப்பில் நின்றிருந்தது. டிரைவர் கலியன் ஸ்பானரோடு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். வண்டி நிறைய, கும்மிடிப்பூண்டியில் தகர டப்பா செய்யும் கம்பெனிக்குப் போகும் பெண்கள். மேரி அங்கே ஆபீஸில் டைப்பிஸ்ட். பி.ஏ. படித்தவள். கேட்டால் ஒழியப் பேச மாட்டாள்.

ஒரு மாதமாக இதே கதை. வண்டியைக் கிளப்பினால் ‘டொக்’. கியர் மாற்றினால் ‘டொக்’. வழியெல்லாம் அந்தச் சத்தத்தோடு ஓட்டுகிற மனுஷன், சூளைக்கு வந்ததும் இறங்கி அடியில் புகுந்துவிடுவார். காலாற இறங்கினவர்கள், அங்கே ஏற வேண்டியவர்கள் எல்லாரும் ஏறின பிறகுதான் வெளியே வருவார்.

“இன்னா கலியண்ணே, இன்னிக்காவது கண்டுபிடிச்சியா?” என்றாள் கோவிந்தம்மா. டப்பாவுக்கு மூடி போடும் மிஷினில் வேலை. வாய் மிஷினை விட வேகம்.

“பாத்துக்கினுதாம்மா கீறேன்.”

“நீ பாத்துக்கினே இரு. அங்க எங்க டீ டைம்ல பத்து நிமிஷம் புடிச்சிக்கிறாங்க.”

அது உண்மை. எமர்ஜென்சி வந்ததிலிருந்து மானேஜர் கடிகாரமாகவே ஆகிவிட்டார். கம்பெனி பஸ்ஸே தாமதமானால் டீ நேரத்தில் கை வைப்பார், அதோடு போயிற்று. பஸ்ஸைத் தவற விட்டவர்களுக்கு அன்று கேட் திறக்காது. மூன்று முறை தவற விட்டால் வேலையே போய்விடும். பஸ் யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது என்று கேட்டில் போர்டே எழுதி வைத்திருந்தார்.

“மேரி, நீதான் காலேஜி படிச்ச பொண்ணு. மானேஜருக்கு ஒரு காயிதம் எழுதேன்” என்றாள் கோவிந்தம்மா.

மேரி எழுதினாள். எல்லாரும் சொன்னதை எழுதிவிட்டு, கடைசியில் தானாக ஒரு வரி சேர்த்தாள்: ‘ஓட்டுநர் வேண்டுமென்றே நேரத்தை வீணாக்குகிறாரோ என்று ஐயமாக உள்ளது.’

மறுநாளே எளாவூர் செக்போஸ்ட்டில் லாரி பார்க்கும் மெக்கானிக் ஆதிகேசவன் கம்பெனிக்கு வந்துவிட்டார். வண்டியை நிறுத்திய இடம் டைப் அறை ஜன்னலுக்கு நேர் எதிரே.

“சத்தம் எப்போ வருது? ஓடும்போதா, கிளப்பும்போதா?”

“கிளப்பும்போது. கியர் மாத்தும்போது” என்றார் கலியன்.

“அப்போ சக்கரத்துல இல்ல.”

ஆதிகேசவன் டயர்களுக்குக் கல் வைத்தார். கோணியை விரித்து அடியில் புகுந்தார். இஞ்சின் பக்கமிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் நீளமான ஷாஃப்டை இரண்டு கையாலும் பிடித்து இப்படியும் அப்படியும் திருகினார்.

டொக். டொக்.

“கையால ஆட்டினாலே பேசுது பார். கிராஸ் போயிடுச்சு.”

ஷாஃப்டைக் கழற்றி, அதை இணைக்கும் கூட்டல் குறி போன்ற இரும்புத் துண்டை வெளியே எடுத்துத் தட்டினார். கிரீஸ் இருக்க வேண்டிய இடத்திலிருந்து செங்காவியாகத் துருப்பொடி கொட்டியது.

“அரை நாள் வேலை. ஒரு மாசமா ஏன்யா சொல்லல? ஷாஃப்ட் அறுந்து ரோட்ல குத்தியிருந்தா அத்தினி பொம்பளைங்களும் கவுந்திருப்பாங்க. தெரியாதா உனக்கு?”

“தெரியும்.”

“தெரிஞ்சிக்கினேவா?”

“மெதுவாத்தாண்ணே ஓட்டினேன்.”

ஆதிகேசவன் தலையில் அடித்துக்கொண்டார். தான் சேர்த்த கடைசி வரி சரிதான் என்று மேரி நினைத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் காலை பஸ் வெண்ணெய் போல் கிளம்பியது. முன் சீட்டில் சூப்பர்வைசர் இராமலிங்கம், கையில் கடிகாரத்தோடு. வண்டியில் கோளாறு இல்லாமல் ஒரு நிமிஷம் நின்றாலும் கலியனுக்கு வேலை இல்லை என்று மானேஜர் உத்தரவு.

சூளை ஸ்டாப் வந்தது. யாரும் இல்லை. கலியன் வண்டியை ஊர்ந்து ஓட்டினார்.

“இன்னாய்யா தேய்க்கிற? ஏறத்தான் ஆளே இல்லியே. போ, போ.”

கலியன் ஒரு தரம் கண்ணாடியைப் பார்த்தார். கியரை மாற்றினார். சத்தமே இல்லை.

மேரி ஜன்னல் வழியே பார்த்தாள். வயலுக்கு அப்பால், குடிசை வாசலில் ஒருவன், கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தான். தலையெல்லாம் தவிடு. அரிசி மில்லில் ராத்திரி ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருக்க வேண்டும். குழந்தையை அவனிடம் கொடுத்துவிட்டுப் புறப்பட்ட எல்லம்மா, டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டப் புதிதாகச் சேர்ந்தவள், வரப்பில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்துகொண்டிருந்தாள். ஐந்து நிமிஷ தூரம்.

ஒரு மாதமாக வண்டியில் கடைசியாக, மூச்சிரைக்க ஏறுகிறவள் அவள்தான்.

மேரி டிபன் கேரியரை இரண்டு கையாலும் தூக்கி, காலடித் தகட்டில் ஓங்கி இடித்தாள்.

டொக்!

கலியன் பிரேக் போட்டார்.

“இன்னா சத்தம் அது?” என்று இராமலிங்கம் எழுந்து பின்னால் திரும்பினார்.

கோவிந்தம்மா மேரியைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

“அதே சத்தந்தான் சார். அந்த மெக்கானிக் ஒண்ணும் கிழிக்கல” என்று சொல்லிக்கொண்டே, நசுங்கின டிபன் கேரியரை இழுத்துத் தன் முந்தானைக்குள் மூடிக்கொண்டாள்.