காலரில் மஞ்சள்

திருத்தணி பஸ் நிலையத்தை ஒட்டிய டிரைவாஷ் கடையில் மாலை வெயில் சாய்வாக விழுகிறது. உள்ளிருந்து டில்லிபாபுவின் சாம்பல் நிறக் கோட்டு வருகிறது. நாளை சென்னையில் எம்.பி.ஏ. இன்டர்வியூ. ஆர்.கே.பேட்டையிலிருந்து பஸ்ஸேறி வந்து இதை இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டுப் போன அம்மா, அடுத்த வாரமே மாரடைப்பில் போய்விட்டாள். கருமாதிக்கு மழித்த அவன் தலையைப் பார்த்துக் கடைக்காரர் தணிகாசலம் சிரிக்கிறார். "மலையில முடி குடுத்துகினு வரியா? நாளைக்கு இன்டர்வியூன்னு அம்மா சொன்னாங்க. அப்ப சீட்டு உனக்குத்தான். சந்தனம் பூசிக்கலியா?" வெளியே ஒரு வேன் நிறைய மொட்டைத் தலைகள், சந்தனம் பளபளக்க, அரோகரா சொல்லிக்கொண்டு போகின்றன. மீசையில்லாத மேலுதட்டை அவன் துடைத்துக்கொள்கிறான். அவர் காலரைப் புரட்டிக் காட்டுகிறார். "இங்க மஞ்சக் கறை இருந்துச்சுப்பா. லேசுல போவல. பெட்ரோல் போட்டு ரெண்டு தபா தேச்சு எடுத்தேன்." புதுத் துணி என்று அம்மா தன் விரலால் வைத்த மஞ்சள். அந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவுகிறான். குனிந்து முகர்கிறான். பெட்ரோல் வாடைதான் அடிக்கிறது. பாலித்தீன் உறை சரசரக்கக் கோட்டை அவன் கையில் கொடுக்கிறார் தணிகாசலம். "கறையே தெரியலன்னு அம்மாகிட்ட சொல்லு. சந்தோஷப்படுவாங்க."

"ஆங்... சொல்றங்க."