முட்டைக்கோஸ் கடைசியில்தான்

“அப்பா! முட்டைக்கோஸை இப்பவே போட்டுட்டீங்களா?”

நோரீன் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் அடுப்பருகே ஓடினாள். பெரிய பானையில் உப்பில் ஊறிய மாட்டிறைச்சி தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி முட்டைக்கோஸ் குழைந்து சாம்பல் நிறமாகிவிட்டிருந்தது. நாற்றம் வீடு முழுக்கப் பரவியிருந்தது.

“எல்லாம் வேகத்தானே போகுது. முன்னால போட்டா என்ன, பின்னால போட்டா என்ன?” என்றார் டெர்மட்.

“பக்கத்து வீட்டு மேவ் என்னைத் தெருவுலயே நிறுத்தி, உங்கப்பா என்ன செருப்பையா வேக வைக்கிறாருன்னு கேக்கறாங்க. இறைச்சியைக் கழுவினீங்களா? அதுலயே உப்பு கரிக்குமே!”

“கழுவினா ருசி போயிடாதா?” என்று கேட்டுவிட்டு, மேலும் ஒரு கைப்பிடி உப்பை அள்ளி உள்ளே போட்டார்.

நோரீனுக்கு அழுகை முட்டியது. ஐரிஷ்காரர்கள் நிறைந்த சவுத் பாஸ்டன் முழுக்க இன்று புனித பேட்ரிக் திருநாள். எல்லா வீட்டு அடுப்பிலும் இதே சமையல்தான். ஊர்வலத்தின் முரசுச் சத்தம் இங்கே வரை கேட்டது. இந்த வீட்டில் மட்டும் ஒரு உயிர் மாடியில் காய்ந்துகொண்டு கிடந்தது.

ஜனவரியில் ஒரு கிடங்கு தீப்பற்றியபோது, அதை அணைக்க உள்ளே போன தம்பி ஃபின்டன் திரும்பி வரவில்லை. அப்பா வேலை பார்த்து ஓய்வு பெற்ற அதே தீயணைப்பு நிலையத்தில்தான் அவனும் வேலை பார்த்தான். அப்பா சொல்லித்தான் அவன் அதில் சேர்ந்தான். “நீதானேய்யா அவனை அதுல சேத்துவிட்ட?” என்று அவனை அடக்கம் செய்த அன்று கல்லறையில் வைத்து அம்மா பிரைடி அப்பாவிடம் கேட்டாள். அதன் பிறகு அவரோடு மட்டுமல்ல, யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மாடியறைக் கட்டிலே கதி என்று ஆகிவிட்டாள். கொண்டுபோகும் தட்டெல்லாம் தொடப்படாமலே திரும்பி வந்தன. இப்படியே போனால் தாங்க மாட்டார் என்று டாக்டரும் கையை விரித்துவிட்டார்.

இன்றைக்காவது அவளுக்குப் பிடித்ததைச் சமைத்து இரண்டு வாய் ஊட்டிவிட வேண்டும் என்றுதான் நோரீன் தேவாலயத்தில் பூசை முடிந்த கையோடு ஓடி வந்தாள். அதற்குள் இந்த மனிதர் முந்திக்கொண்டு எல்லாவற்றையும் பாழாக்கிவிட்டார். பிரைடியின் சமையலறையில் தண்ணீர் குடிக்கக்கூட அனுமதி கேட்டு நுழைந்தவர் இவர்.

“நகருங்கப்பா, நான் பாத்துக்கறேன்.”

“கையை வைக்காதே!” பானைக்கு முன்னால் மலை மாதிரி நின்றார் டெர்மட். ஒரு உருளைக்கிழங்கை எடுத்தார். கண் மாடிப்படியிலேயே இருக்க, தோல் அறுந்துவிடாமல் ஒரே சுருளாகச் சீவி, கிழங்கை உள்ளே எறிந்தார்.

“ஜன்னலையாவது திறக்கறேன். வீடே நாறுது.”

“வேண்டாம், குளிரும்.” அப்படிச் சொன்னவர், மாடிப்படிப் பக்கத்துக் கதவை மட்டும் நாற்காலி போட்டு அகலத் திறந்து வைத்தார்.

“இதை வாயில வைக்க முடியுமாப்பா? ஃபின்டனைத்தான் பறிகொடுத்தாச்சு. அம்மாவையும் அனுப்பிடலாம்னு முடிவு பண்ணிட்டீங்களா?”

சொன்ன பிறகுதான் நோரீன் நாக்கைக் கடித்துக்கொண்டாள். டெர்மட் திரும்பி நின்று பானையைக் கரண்டியால் கிளறினார்.

மாடியில் பலகை முனகியது. பிறகு படிகள்.

கலைந்த தலையும் கசங்கிய இரவு உடையுமாகப் பிரைடி சுவரைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். நேரே அடுப்பண்டை போய்ப் பானைக்குள் எட்டிப் பார்த்தாள்; கரண்டியில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தாள்.

“எந்தப் புண்ணியவான் கோஸை முதல்லயே போட்டது?”

“நான்தான்,” என்றார் டெர்மட்.

“அறிவிருக்காய்யா உனக்கு? இத்தனை வயசாச்சு, கோஸ் கடைசியிலதான் போடணும்னு தெரியாது? தண்ணி கடல் மாதிரி கரிக்குது. இதை நாய் மோந்து பாக்குமா? வெளியே போ முதல்ல! ஏய் நோரீன், அந்தத் தண்ணியைக் கொட்டு. மேவ்கிட்ட ஒரு கோஸ் இருந்தா வாங்கிட்டு வா. போடீன்னா, நின்னு வேடிக்கை பாக்கறா!”

டெர்மட் தலையைக் குனிந்துகொண்டு பின்வாசல் படியில் போய் உட்கார்ந்தார். கோஸோடு திரும்பி வந்த நோரீன், அவர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுவதைப் பார்த்தாள். அம்மா பேசிவிட்ட சந்தோஷத்தையும் மீறி அவளுக்கு மனம் பொறுக்கவில்லை.

“ஏம்மா அப்பாவை அப்படித் திட்டின? பாவம், அவருக்குச் சமைக்கத் தெரியாதும்மா. ஏதோ உனக்காகப் பண்ணிப் பாத்தாரு.”

பிரைடி கோஸை நாலாக அரிந்தாள். பின்வாசலைப் பார்த்தாள். கன்னத்தில் வழிந்த கண்ணீரைத் துடைக்கவில்லை.

“உங்கப்பாவுக்கா தெரியாது? ஸ்டேஷன்ல அத்தனை வருஷமும் சமையலே அவருதான்னு ஃபின்டன் எங்கிட்ட சொல்லியிருக்கான்டீ!”