கண்ணாடியில் ஒரு லிவர்பூல்காரன்

சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா தெரியவில்லை. அன்று வெளியே பெய்தது மழையா பனியா என்பதைக்கூட உறுதியாகச் சொல்ல முடியாது. சூரிச்சில் ஜெயந்தியின் பலசரக்குக் கடை. கண்ணாடிக் கதவின் உட்புறம் நம்மவர்களின் மரண அறிவித்தல்கள் வரிசையாக ஒட்டப்பட்டிருக்கின்றன. ட்ராம் போகும்போது கண்ணாடி மெல்ல அதிர்கிறது. உருத்திரமூர்த்தி அண்ணை இன்னொன்றை ஒட்டுகிறார். அதில் அறுபதுகளின் லிவர்பூல் பாடகன் ஒருவன், நெற்றியில் விழும் முடியோடு சிரிக்கிறான். கீழே தமிழில் ‘கண்ணீர் அஞ்சலி’.

“என்ன அண்ணை, வெள்ளைக்காரன் உங்கட ஒன்றுவிட்ட சகோதரமோ?” முருங்கைக்காய்ப் பெட்டியை இறக்கியபடி ஜெயந்தி கேட்கிறாள்.

“என்ர தம்பிக்கு இவரெண்டால் உயிர். ரேடியோவில இவற்ற பாட்டுப் போனால் சோத்துக்கும் எழும்பமாட்டான். மனுசன் போன கிழமை செத்துப்போச்சு.”

அந்தத் தம்பியை முப்பத்தைந்து வருடங்களுக்கு முன்பு யாழ்ப்பாணத்தில் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவன் திரும்பவில்லை. ஜெயந்தியின் சிரிப்பு நின்றுவிடுகிறது.

“அப்ப தம்பிக்கும் ஒண்டு அடிச்சு ஒட்டலாமே, அண்ணை?”

“அவன் செத்ததெண்டு ஆர் சொன்னது?”

அவர் குரல் உயரவில்லை. ஒட்டும் நாடாவைப் பல்லால் கடித்து அறுத்து, நாலாவது மூலையையும் ஒட்டி, கட்டைவிரலால் நீண்ட நேரம் அழுத்திக்கொண்டே நிற்கிறார். குளிர்சாதனப் பெட்டி இரைகிறது.

பாடகனை அவன் ஊரிலேயே அடக்கம் செய்தார்கள். ஜெயந்தி கடையை விற்றுவிட்டு லோசானில் மகளோடு இருக்கிறாள். உருத்திரமூர்த்தி அண்ணை சென்ற வருடம் காலமானார். தம்பியைப் பற்றி இதுவரை தகவல் இல்லை.