இருபது டிகிரிக்குக் கீழே

ஐஸ் தண்ணீரிலிருந்து எடுத்த உலோகத் துண்டு காந்தத்தில் ஒட்டியது.

அவன் நொடிகளை எண்ணினான். பதினேழாவது நொடியில் விழுந்துவிட்டது.

காடோலினியம். கட்டைவிரல் நகமளவு, வெள்ளி நிறம். இருபது டிகிரிக்குக் கீழே காந்தம் அதை இழுக்கும். அதற்கு மேலே விட்டுவிடும்.

மதுரையில் எப்போதும் மேலேதான்.

அவன் மனைவி இந்துஜா ஒவ்வொரு ஜூனிலும் கல்லூரியில் முதலாமாண்டுப் பெண்களுக்கு இதைச் செய்துகாட்டுவாள். வீட்டிலிருந்து பிளாஸ்க்கில் ஐஸ் கொண்டுபோவாள். இந்த ஜூனில் அவள் வகுப்பை வேறு யாரோ எடுக்கிறார்கள்.

அவள் செத்துப்போய் ஐம்பது நாள்.

அழைப்புமணி.

ஈர உலோகத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தான்.

வந்தவர் தியோடர் என்றார். கல்யாணத்துக்கு முன் ஊட்டிக் கல்லூரியில் அவளோடு இரண்டு வருஷம் பாடம் நடத்தியவர். விஷயம் போன வாரம்தான் தெரிந்ததாம். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். தண்ணீர் போதும் என்றார்.

பிறகு அந்த உலோகத்தைப் பற்றிக் கேட்டார். அவர்தான் வாங்கிக் கொடுத்தாராம். அவள் பிறந்தநாளுக்கு.

கல்லூரியில் கொடுத்தது என்றுதான் அவன் நாலு வருஷமாக நினைத்திருந்தான்.

ஒருமுறை சாப்பிடும்போது இந்துஜா சொல்லியிருக்கிறாள். நிறமாலையில் புதிய கோடுகளைப் பார்த்து அந்த உலோகத்தைக் கண்டுபிடித்தவர் ஒருவர். அது தாங்கியிருக்கும் பேர் இன்னொருவருடையது. அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் செத்துப்போனவர்.

பாவம்ல, என்றாள்.

யார் என்று அவன் கேட்கவில்லை.

"ஊட்டியில அவங்களுக்கு ஐஸே வேணாம் சார்," என்றார் தியோடர். "காலையில மேசையிலேர்ந்து எடுத்தா அப்படியே ஒட்டிக்கும். அவ விடமாட்டா. பத்துத் தடவ செஞ்சு பாப்பா."

அவங்க என்று தொடங்கியது அவ என்று முடிந்திருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

சட்டைப் பையில் ஈரம் பரவியது. அவன் கைகளைக் கட்டிக்கொண்டான்.

தயங்கித்தான் கேட்டார். அது இருந்தால் தனக்குக் கிடைக்குமா என்று. அவள் தொட்ட பொருள் என்று தன்னிடம் ஒன்றுமே இல்லை என்று.

கண் கலங்கியிருந்தது அவருக்கு.

இவனுக்கு ஐம்பது நாளில் ஒருமுறைகூட அது நடக்கவில்லை.

"இல்ல சார்," என்றான். "அவகூடவே அனுப்பிட்டேன். கையில வச்சு மூடி."

தியோடர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது முகம் தெளிந்திருந்தது. எழுந்துவந்து அவன் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டார்.

"கடைசியா அவ கையில அதுதான் இருந்திருக்கு," என்றார். "எனக்கு அது போதும் சார்."

வாசலில் குனிந்து செருப்பை மாட்டினார். நிதானமாக.

இப்போதுகூடச் சொல்லிவிடலாம், பொய் என்று.

சொன்னால் கொடுக்க வேண்டும்.

லிஃப்ட் பொத்தானை அவருக்காக அவனே அழுத்தினான்.