நீர் இல்லாத போட் கிளப்

ஏரிக்கரையில் போட் கிளப் தொடங்கிய மறு வருஷமே மழை பொய்த்து ஏரி வற்றிவிட்டது. படகுகள் கரையோரம் வெடித்துக் கிடந்த சேற்றின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டன. ஆண்கள் சீட்டாட வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். பெண்களைச் சேர்ப்பதில்லை என்று விதி எழுதிய செயலாளர் தேவசகாயமும் அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிட்டார்.

அவர் மனைவி எப்சிபா போனாள். சும்மா பார்க்கத்தான் போனாள். ஒரு படகில் ஏறிக் குறுக்குப் பலகையில் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு நேரம் யாரும் கூப்பிடாமல் அவள் வீட்டில் ஒரு நாளும் இருந்ததில்லை. பிறகு பக்கத்து வீட்டு லூர்தம்மாளும் சேர்ந்துகொண்டாள். சாயங்காலந்தோறும் இருவரும் கடலை கொறித்தபடி, எங்கேயோ பயணம் போகிறவர்களைப் போல எதிரெதிரே உட்கார்ந்து பேசினார்கள்.

ஐப்பசியில் மலைமேல் கொட்டித் தீர்த்தது. அவர்கள் படகில் இருந்தபோதே தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்து சூழ்ந்தது. தேவசகாயம் குடையும் கையுமாகக் கரைக்கு ஓடி வந்தார்.

"எப்சி, இறங்கி வா! தண்ணி வந்தாச்சு, ஆம்பிளைங்க எல்லாம் வர்ற நேரம்."

"வரட்டுமே."

"உனக்குத் துடுப்புப் போடத் தெரியாதுடி!"

"உங்களுக்கு மட்டும் தெரியுமாக்கும்? வருஷம் பூரா சீட்டுத்தானே ஆடினீங்க."

லூர்தம்மாள் சிரித்தாள். ஆனால் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். படகு ஒருமுறை அசைந்து சேற்றை விட்டு மேலெழும்பியது. எப்சிபா படகில் கிடந்த துடுப்பை எடுத்தாள். அதைச் சேற்றில் ஊன்றி, கரையை விட்டுத் தள்ளினாள்.